இன்னும் பாதி இருக்கு!

திருச்சி, ஸ்ரீரங்கம் கல்லூரி மாணவர்களும் அவர்களைப் படிக்க வைப்பவர்களும் எழுதிய கடிதங்களில் ஒரே இடத்தில் வந்து நின்றவற்றை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். படிப்பில் பாதி முடிந்து, பாதி மிச்சம் இருக்கும் இடம் அது.

பொறியியல் மாணவர், துவாக்குடி: நாலு செமஸ்டர் முடிந்தது. பாதி போய்விட்டது என்று நினைப்பதா, பாதி இருக்கிறது என்று நினைப்பதா?

இருக்கிறது என்றே நினையுங்கள். ஆறுதலுக்குச் சொல்லவில்லை, பாடத்திட்டத்தைப் பார்த்துச் சொல்கிறேன். முதல் வருடம் கணிதம், இயற்பியல், வேதியியல், பொறியியல் வரைபடம் என்று எல்லாத் துறைக்கும் ஏறக்குறைய ஒரே பாடம். இரண்டாம் வருடம் துறையின் அடிப்படை. அதிலும் உங்களைக் கேட்டு யாரும் ஒரு தாளையும் வைக்கவில்லை. ஐந்தாவது செமஸ்டரிலிருந்துதான் எலெக்டிவ் பட்டியலை நீட்டி, 'உனக்கு எது வேண்டும்?' என்று கேட்கிறார்கள். இன்டர்ன்ஷிப், புராஜெக்ட், அடுத்த துறைப் பாடம் எல்லாம் அதற்குப் பிறகுதான். வருடக் கணக்கில் பாதி முடிந்திருக்கலாம். நீங்களாகத் தேர்ந்தெடுத்துப் படிக்கும் படிப்பு இனிமேல்தான் தொடங்குகிறது. அந்தப் பட்டியலில் சீனியர் எதைச் சுலபம் என்றாரோ அதை டிக் அடித்துவிட்டு வராதீர்கள். யார் நடத்தினால் கேட்கத் தோன்றுகிறதோ அந்தப் பாடத்தை எடுங்கள்.

பி.காம். மாணவி, ஸ்ரீரங்கம்: எங்களுக்கு மூன்றே வருடம். எங்கள் பாதி எப்போது வந்து போகிறது என்றே தெரிவதில்லை.

மூன்றாம் செமஸ்டர் பரீட்சை முடிகிறதே, அதுதான். பொறியியல் மாணவர்களுக்குப் பாதி வழியில் ஒரு கோடை விடுமுறை கிடைக்கிறது. உங்களுக்குக் கிடைப்பது மார்கழியை ஒட்டிச் சில நாட்கள். ஆனால் நீங்கள் இருப்பது ஸ்ரீரங்கம். அந்த நாட்களில் உங்கள் வீதிகளைத் தாண்டி உள்ளே பகல் பத்தும் இராப் பத்தும் நடக்கிறது. சொர்க்கவாசல் எப்போது திறக்கிறது என்று கவனித்திருப்பீர்கள். உற்சவத்தின் கடைசி நாளில் திறப்பதில்லை. பகல் பத்து முடிந்து இராப் பத்து தொடங்கும் ஏகாதசியன்று, நட்ட நடுவில் திறக்கிறது. அதற்குப் பிறகும் பாசுரங்கள் இருக்கின்றன, நம்மாழ்வார் மோட்சம் இருக்கிறது. பெரிய வாசலை நடுவில் வைத்த ஊர்க்காரர் நீங்கள். பட்டமளிப்பு நாளைத்தான் பெரிய நாளாக நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். சி.ஏ.வா, வங்கித் தேர்வா, எம்.காம்.மா என்ற கேள்வியை ஆறாவது செமஸ்டருக்குத் தள்ளாமல் அந்த டிசம்பரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் பாடத்திட்டத்தை வாங்கி ஒரு வாரம் புரட்டிப் பாருங்கள். எந்தப் புத்தகத்தை மூடத் தோன்றவில்லையோ, பதில் அங்கே இருக்கிறது.

பி.எஸ்சி. இயற்பியல் மாணவர், தெப்பக்குளம்: பிசிக்ஸ் பிடிக்கும் என்று சேர்ந்தேன். மூன்று செமஸ்டர் கழித்து, இது என் பாதை இல்லையோ என்று தோன்றுகிறது. கலாம் படித்த கல்லூரியில் உட்கார்ந்துகொண்டு இப்படி நினைக்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சம் வேண்டாம். அதே கல்லூரியில் அதே நினைப்பு கலாமுக்கே வந்திருக்கிறது. என்ன, உங்களைவிடத் தாமதமாக வந்தது. ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியிலிருந்து 1950ல் செயின்ட் ஜோசப் கல்லூரிக்கு வந்தார். 1954ல் இயற்பியல் பட்டம் வாங்கினார். பி.எஸ்சி. சேரும்போது மேல்படிப்புக்கு வேறு என்ன வழி இருக்கிறது என்றே தனக்குத் தெரியாது என்றும், பட்டம் வாங்கிய பிறகுதான் இயற்பியல் தன் துறை இல்லை என்று புரிந்தது என்றும் 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே சொல்லியிருக்கிறார். அதன் பிறகுதான் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அங்கே கட்டணம் கட்ட வழியில்லாமல் நின்றபோது அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார்.

அவருக்கு முடித்த பிறகு தெரிந்தது உங்களுக்குப் பாதியிலேயே தெரிகிறது. கையில் ஒன்றரை வருடம் இருக்கிறது. முதலில் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். பிடிக்காமல் போனது இயற்பியலா, இந்த செமஸ்டரின் ஒரு தாளா? பள்ளியில் உங்களை இழுத்த ஓர் அத்தியாயத்தை, ஒளியியலோ மின்காந்தமோ, கல்லூரிப் புத்தகத்தில் எடுத்துப் படியுங்கள். பழைய ஆர்வம் திரும்பினால் கோளாறு தாளில்தான். திரும்பவில்லை என்றால், பட்டத்தை ஒழுங்காக முடித்துக்கொண்டே வேறு வழி தேடுங்கள். பிளஸ் டூவில் கணிதம் படித்தவர் பி.எஸ்சி. முடித்து பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழி இருக்கிறது. எம்.சி.ஏ. இருக்கிறது. டான்செட் எழுதி எம்.பி.ஏ. போகலாம். பி.எட். படித்து நல்ல இயற்பியல் ஆசிரியராகலாம். அப்படி ஒருவர் கிராமத்துப் பள்ளிக்குக் கிடைப்பது சாதாரண விஷயமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கல்லூரி பிறந்தது திருச்சியில் இல்லை. 1844ல் நாகப்பட்டினத்தில் ஆரம்பித்து, 1883ல்தான் இங்கே வந்தது. இடம் மாறியதால் அது குறைந்து போகவில்லை.

மாணவர், கே.கே. நகர்: 75 சதவீத வருகைப் பதிவு அவசியமா?

அவசியம். அடுத்த கேள்வி.

பொறியியல் மாணவர், சமயபுரம்: ஆறு அரியர் இருக்கிறது. ராமானுஜனும் பெயில் ஆனவர்தானே என்று நண்பர்கள் தேற்றுகிறார்கள்.

நண்பர்கள் நல்லவர்கள். ஆனால் அந்த உதாரணத்தில் பாதிதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். மற்ற பாடங்களில் தேறாமல் அதை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேற முடியவில்லை. அந்த நேரமெல்லாம் அவர் நோட்டுப் புத்தகங்களைக் கணிதத்தால் நிரப்பிக்கொண்டிருந்தார். அப்படி நிரப்பியவருக்கும் அந்தத் தோல்வி வருடக்கணக்கான வறுமையைக் கொடுத்தது. வேலை தேடி ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்து, 1912ல் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய் குமாஸ்தாவானார். அவருடைய மேதைமையைக் கொண்டாடுவோம். அவர் பட்ட கஷ்டத்தை உங்கள் அரியருக்குச் சமாதானமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி உங்கள் ஆறு. நாலு செமஸ்டரில் ஆறு என்பது மீள முடியாத கணக்கு இல்லை. ஆறாவது செமஸ்டரில் அது பத்தாகிவிட்டால் கஷ்டம். வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்கள் பெரும்பாலும் ஏழாவது செமஸ்டரில் வருகின்றன. முதலில் கேட்பது ஸ்டாண்டிங் அரியர் இருக்கிறதா என்பதைத்தான். சில இடங்களில் எப்போதாவது அரியர் இருந்ததா என்றும் கேட்பார்கள். அதை இனி மாற்ற முடியாது. முதல் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்ல வைப்பது உங்கள் கையில் இருக்கிறது, அதற்கு அவகாசமும் இருக்கிறது.

ஆறு தாளையும் ஒரே மாதிரி பார்க்காதீர்கள். எந்தத் தாள் அடுத்த தாளுக்கு அஸ்திவாரமோ அதை முதலில் எடுங்கள். கணிதம் ஒன்று பாக்கி இருக்கும்போது சிக்னல்ஸ் தாளும் கண்ட்ரோல் சிஸ்டம் தாளும் புரியாமல் போவது உங்கள் மூளையின் குறை இல்லை, அஸ்திவாரத்தின் குறை. நாலைந்து மார்க்கில் போன தாளை இரண்டாவதாக எடுங்கள். ஒரு வெற்றி கண்ணில் பட வேண்டும். பழைய வினாத்தாள்களை எடுத்து, திரும்பத் திரும்ப வரும் பகுதியைக் குறித்து, அந்தத் தாளில் தேறிய வகுப்புத் தோழர் ஒருவரோடு உட்காருங்கள். உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் அவருக்கும் அந்தப் பாடம் உறுதிப்படும். அவரிடம் கேட்கத் தயங்காதீர்கள்.

வீட்டில் சொல்லிவிட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இன்றே சொல்லுங்கள். அரியரை மறைப்பதற்கு ஆகும் உழைப்பு, அரியரை எழுதி முடிக்கும் உழைப்பைவிட அதிகம்.

இல்லத்தரசி, வடக்கு உத்திர வீதி, ஸ்ரீரங்கம்: பையன் ஹாஸ்டலில் இருக்கிறான். முதல் வருடம் தினமும் போன் செய்வான். இப்போது நான் கூப்பிட்டால் 'சாப்டேன்மா, வச்சிடறேன்' என்கிறான். எங்கே தப்பு நடந்தது?

எங்கும் இல்லை, அம்மா. முதல் வருடம் அவனுக்கு அங்கே யாருமில்லை. அதனால் தினமும் உங்களிடம் வந்தான். இப்போது அங்கே ஓர் உலகம் உண்டாகியிருக்கிறது. அது உங்கள் வளர்ப்பின் பலன். 'சாப்பிட்டாயா' என்ற கேள்விக்கு ஒரு வார்த்தைதான் பதில் இருக்க முடியும். 'உன் ரூம்மேட்டின் அப்பாவுக்கு ஆபரேஷன் என்றாயே, எப்படி இருக்கிறார்?' என்று கேட்டுப் பாருங்கள். அவன் உலகத்தின் ஆட்களை நீங்கள் நினைவு வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால் போனை வைக்க மாட்டான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அப்பாவையும் பேசச் சொல்லுங்கள்; மார்க் பேச்சு இல்லாமல்.

குரலே ஒரேயடியாக மாறி, தூக்கம், சாப்பாடு எதுவும் சரியில்லை என்று பட்டால் மட்டும் யோசிக்காமல் நேரில் போய்ப் பாருங்கள்.

விடுதி மாணவர், புத்தூர்: முதல் வருடம் ஒரு பெரிய கும்பலாகச் சுற்றினோம். இப்போது ஆளுக்கொரு பக்கம். நட்பு இவ்வளவுதானா?

முதல் வருடக் கும்பலைச் சேர்த்துவைத்தது ரோல் நம்பரும் அறை ஒதுக்கீடும். பாதி தாண்டியதும் ரசனை சேர்க்க ஆரம்பிக்கிறது. இரண்டு நட்புக்கும் மதிப்பு உண்டு. கலாம் செயின்ட் ஜோசப் விடுதியில் ஸ்ரீரங்கத்து ஐயங்கார் ஒருவரோடும் கேரளத்து சிரியன் கிறிஸ்தவர் ஒருவரோடும் ஒரே அறையில் இருந்தார். அந்த மூவரைச் சேர்த்தது ஒதுக்கீடு. மூன்றாம் வருடம் அதே விடுதியின் சைவ மெஸ்ஸுக்கு அவரே செயலாளர். கல்லூரி ரெக்டரை ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழைத்து, பல ஊர்ச் சமையலையும் பரிமாறினார்கள். ஓர் அறையில் தொடங்கிய பழக்கம் விடுதி முழுவதற்கும் பரவ அந்த இரண்டு வருடம் வேண்டியிருந்தது.

உங்கள் கும்பலில் ஒருவராவது இப்போது தனியாக மெஸ்ஸில் சாப்பிடுகிறார். அது யார் என்று உங்களுக்குத் தெரியும். இன்று இரவு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

பி.ஏ. மாணவி, துறையூர் (கல்லூரி திருச்சியில்): இரண்டாம் வருடம் முடிகிறது. நல்ல வரன் வந்திருக்கிறது, ஒரு வருடப் படிப்புதானே, விட்டுவிடு என்கிறார்கள். அப்பாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

எதிர்க்க வேண்டாம், தங்கச்சி. கணக்குச் சொல்லுங்கள். விவசாய வீட்டு அப்பாவுக்குக் கணக்கு நன்றாகப் புரியும்.

முதல் கணக்கு: இரண்டு வருடம் படித்து நிறுத்தினால் எந்த விண்ணப்பத்திலும் நீங்கள் பிளஸ் டூ. குரூப் 2க்குப் பட்டம் வேண்டும், குரூப் 1க்குப் பட்டம் வேண்டும், வங்கி அதிகாரித் தேர்வுக்குப் பட்டம் வேண்டும், பி.எட்.டுக்குப் பட்டம் வேண்டும். முக்கால் பட்டம் என்று ஒரு கட்டம் எங்கும் அச்சடிக்கப்படவில்லை. இதுவரை கட்டிய கட்டணம், பஸ்ஸில் போன காலைகள், அம்மா விடியலில் எழுந்து கட்டிக் கொடுத்த சோறு எல்லாம் பலன் தர மிச்சமிருப்பது ஒரே வருடம்.

இரண்டாவது: அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உங்கள் கணக்குக்கு வந்துகொண்டிருக்கும். 2022 செப்டம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியதே உங்களைப் போன்றவர்கள் பாதியில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக. படிப்பு நின்றால் அதுவும் நிற்கும்.

மூன்றாவதை அப்பாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். நல்ல வரன் என்றால் ஒரு வருடம் காத்திருப்பார்கள். காத்திருக்க மாட்டோம் என்றால், கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் பேச்சு அந்த வீட்டில் எவ்வளவு எடுபடும் என்று இப்போதே தெரிந்துவிடுகிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் இதை நேராகக் கேட்டுப் பார்க்கும்படி அப்பாவையே கேளுங்கள்.

தனியாகப் பேச முடியவில்லை என்றால் துறைத் தலைவியிடம் போங்கள். திருச்சியில் ஹோலி கிராஸ் கல்லூரி 1923லிருந்தும் சீதாலட்சுமி ராமசாமி கல்லூரி 1951லிருந்தும் பெண்களைப் படிக்க வைக்கின்றன. உங்கள் கேள்வியோடு அந்த வாசல்களில் நின்ற பெண்கள் எத்தனையோ தலைமுறை. பெண்கள் கல்லூரிப் பேராசிரியைகளில் பலர் வீட்டுக்கே போய் அப்பாக்களிடம் பேசியவர்கள். வற்புறுத்தல் அளவு மீறினால் 181 என்ற மகளிர் உதவி எண் எந்த நேரமும் இருக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் கல்யாணம் இல்லை. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. முடித்துவிட்டு எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், பெயருக்குப் பின்னால் பி.ஏ. போட்டு.

டிப்ளமோ முடித்த மாணவர், அரியமங்கலம்: நேரடியாக இரண்டாம் வருடத்தில் சேர்ந்தேன். எனக்குப் பாதி எது?

ஐந்தாவது செமஸ்டர் முடிவு. மற்றவர்களைவிட ஒரு செமஸ்டர் தள்ளி வரும். லேபில் நீங்கள் முன்னே, கணிதத்தில் அவர்கள் முன்னே என்பது பொதுவான நிலவரம். லேபில் அவர்களுக்குக் கை கொடுங்கள். கணிதத்தில் அவர்களிடம் கை நீட்டுங்கள். பெல் தொழிற்சாலை இருக்கிற ஊரில் இயந்திரத்தைத் தொட்டுப் பழகியவருக்கு மரியாதை எப்போதும் உண்டு.

முதுகலை மாணவி, திருவானைக்காவல்: ஆராய்ச்சி எல்லாம் கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டில்தானே தொடங்க முடியும்?

இந்தக் கேள்வி உங்கள் ஊரிலிருந்து வந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம். 1888ல் திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. படித்துக்கொண்டிருக்கும்போதே தன் முதல் கட்டுரையை லண்டனிலிருந்து வரும் 'பிலசாபிகல் மேகசின்' இதழில் வெளியிட்டுவிட்டார். அது 1906, வயது பதினெட்டு. பெரிய ஆய்வகம் எதுவும் இல்லை. முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கும் வழக்கமான வகுப்புச் சோதனைதான். எல்லா மாணவர்களும் அளந்து, குறித்துக்கொண்டு கிளம்பும் இடத்தில், ஒளிப் பட்டைகள் இரு பக்கமும் சமமாக இல்லையே என்று இவர் நின்று பார்த்தார்.

உங்கள் ரெக்கார்ட் நோட்டில் 'சோதனைப் பிழை' என்று எழுதி மூடிய பக்கங்கள் இருக்கும். இந்த விடுமுறையில் அவற்றைத் திறந்து பாருங்கள். ஒன்றாவது பிழையாக இல்லாமல் கேள்வியாக இருக்கும்.

மாணவர், உறையூர்: மூன்று செமஸ்டராகப் பழகிய பெண் விலகிவிட்டாள். வகுப்பில் தினமும் பார்க்க வேண்டியிருக்கிறது.

வலிக்கும். அவர் முடிவை அவர் சொல்லிவிட்டார். காரணத்தை நண்பர்கள் மூலம் விசாரிக்காதீர்கள், ஸ்டேட்டஸில் பதில் சொல்லாதீர்கள். மீதி வருடம் ஒரே வகுப்பில் இருவரும் தலை நிமிர்ந்து உட்கார முடிவது உங்கள் நடத்தையில் இருக்கிறது. அதைச் செய்ய முடிந்தால் நீங்கள் காதலித்தது உண்மை.

தமிழ் வழியில் படித்த மாணவர், முசிறி: இரண்டு வருடம் ஆகியும் வைவாவில் ஆங்கிலம் வாயில் வருவதில்லை. விடை தெரிந்தும் நிற்கிறேன்.

விடை தெரிந்திருக்கிறது, அதுதான் பெரிய வேலை, அது முடிந்துவிட்டது. மிச்சம் வாய்ப் பழக்கம். கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலும் தமிழும் ஆங்கிலமும் முதல் நாலு செமஸ்டரோடு விடைபெற்றுவிடும். மூன்றாம் வருடம் முழுக்க முதன்மைப் பாடம். ஆங்கில வகுப்பு முடிந்துவிட்டிருந்தாலும் அந்தப் பேராசிரியரிடம் போய், வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் உங்களோடு பேசச் சொல்லிக் கேளுங்கள். வெட்கப்பட்டுக் கேட்காதவர்கள்தான் அதிகம். கேட்டவரை அவர் மறக்க மாட்டார்.

வீட்டில் ஒரு பயிற்சி: ஒரு பாடத்தை முதலில் தமிழில் சத்தமாக விளக்குங்கள், யாருமில்லா அறையில். தமிழில் தங்குதடையின்றி வந்த பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லுங்கள். யோசனை தமிழில் தெளிவாக இருப்பவருக்கு வாக்கியம் தேடுவது மட்டுமே பாக்கி. மூன்றாவதாக, வைவாவில் தடுமாறினால், 'தமிழில் சொல்லலாமா, சார்?' என்று கேட்டுச் சொல்லிவிடுங்கள். தெரிந்த விடையை விழுங்குவது மட்டும் கூடாது.

மாணவி, தஞ்சாவூரிலிருந்து தினமும் ரயிலில்: ஹாஸ்டல் வாழ்க்கையே கிடைக்கவில்லை. பாதிக் கல்லூரியை ரயிலில் கழித்துவிட்டேன்.

சீசன் டிக்கெட்காரர்களின் பெட்டி ஒரு தனிக் கல்லூரி. தஞ்சாவூரில் ஏறும் அரசு ஊழியர், பூதலூரில் ஏறும் செவிலியர், திருவெறும்பூரில் இறங்கும் தொழிலாளி எல்லோரும் இரண்டு வருடமாக உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை என்றால் என்ன, சம்பளம் எப்படிச் செலவாகிறது, இடமாற்றம் வந்தால் குடும்பம் என்ன செய்யும் என்பதை ஹாஸ்டல் பெண்ணுக்கு யாரும் சொல்வதில்லை. கேட்டுப் பாருங்கள். போகும்போது படியுங்கள், திரும்பும்போது பேசுங்கள். வருடத்துக்கு ஓரிரு முறை கல்லூரி விழா நாட்களில் மட்டும் ஒரு தோழி வீட்டில் தங்கிக்கொள்ள வீட்டில் அனுமதி வாங்குங்கள். அந்த இரவுகள் உங்களுக்கும் வேண்டும்.

வாசகர், கீழச் சித்திரை வீதி: ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தாளர் சுஜாதா இன்று என்ன சொல்லியிருப்பார்?

அவர் வாயில் வார்த்தை வைக்க எனக்கு உரிமையில்லை. என்ன செய்தார் என்று சொல்லலாம். அவரும் செயின்ட் ஜோசப்பில் பி.எஸ்சி. இயற்பியல், பிறகு எம்.ஐ.டி.யில் மின்னணுவியல். படிப்பும் எழுத்தும் ஒன்றையொன்று தின்றுவிடாமல் வாழ்நாள் முழுக்க இரண்டையும் நடத்தினார். ஜூனியர் விகடனில் 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று வாசகர்களுக்கு அவர் அறிவியல் சொல்லிக் கொடுத்த விதம், இப்படிப் பதில் எழுத உட்காரும் எல்லோருக்கும் பாடம்.

சுஜாதாவின் இயற்பெயர் ரங்கராஜன். ஊரில் இன்னொரு ரங்கராஜனும் இருந்தார்: கவிஞர் வாலி. அவர் நண்பர்களோடு சேர்ந்து 'நேதாஜி' என்று கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். முதல் பிரதியைக் கல்கி வெளியிட்டார். பிறகு திருச்சி வானொலிக்கு எழுதினார், அப்புறம் சினிமா. கையால் எழுதிய சில பிரதிகள்தான் தொடக்கம். பாதிக் கல்லூரி முடித்த பிள்ளைகளுக்கு இந்த இருவரிடமிருந்தும் நான் எடுத்துக் கொடுப்பது ஒன்றுதான்: மார்க் கிடைக்காத ஒரு வேலையை மனசார ஆரம்பியுங்கள். பத்திரிகையோ, பறவைகளைக் குறித்து வைப்பதோ, உங்கள் தெருப் பாட்டிகளின் பேச்சைப் பதிவு செய்வதோ.

மாணவர், மாம்பழச் சாலை: முதல் வருடம் ஆரம்பித்துப் பாதியில் விட்டவை நிறைய: மிருதங்கம், ஒரு புரோகிராமிங் வகுப்பு, ஹிந்தி. திரும்பத் தொடங்கினால் சிரிப்பார்கள்.

நீங்கள் பாலம் இறங்கினால் கண்ணில் படும் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் சில நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. உங்கள் தாத்தா பார்த்தது அதைத்தான். 1987ல் பதின்மூன்று நிலையோடு 236 அடிக்கு எழுந்து நின்றது. யாரும் சிரிக்கவில்லை, உங்கள் மிருதங்கம் இரண்டு வருடம்தான் காத்திருக்கிறது. மூன்றில் ஒன்றை எடுங்கள், மற்ற இரண்டை விட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர், திருவெறும்பூர்: கேட், யு.பி.எஸ்.சி. இதற்கெல்லாம் இப்போதே ஆரம்பித்தால் சீக்கிரமா?

கேட் தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வுக்கு இருபத்தொன்று வயதும் பட்டமும் வேண்டும். ஆனால் தினசரி வாசிப்புக்கு வயது வரம்பில்லை. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் மேலப்புலிவார்டு ரோட்டில் மாவட்ட மைய நூலகத்துக்கு ஒரு மாதம் போய் உட்காருங்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அங்கே எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே, இந்த உழைப்பு உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரியும்.

ஆட்டோ ஓட்டுநர், சத்திரம் பேருந்து நிலையம்: மகள் இரண்டு வருடம் முடித்துவிட்டாள். நான் எட்டாவது வரைதான். அவளிடம் படிப்பைப் பற்றி என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

'நீ என்ன படிக்கிறேன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா' என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிய வைக்க அவள் படும் பாட்டில் அவளுக்கே பாதிப் பாடம் தெளியும். புரியாத இடத்தில் புரியவில்லை என்று சொல்லுங்கள். வாரம் ஒரு நாள் போதும். தன் படிப்பு வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றும். கட்டணம் கட்டுவதற்குச் சமமான உதவி இது, அண்ணே.

மாணவி, காஜாமலை: மூன்றாம் வருடம் அடுத்த வாரம் தொடங்குகிறது. முதல் நாள் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியம் சொல்லுங்கள்.

இதுவரை வந்த மதிப்பெண் பட்டியல்களை எல்லாம் எடுத்து, பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடும் ஆதாரோடும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அன்றே அலுவலகத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கல்லூரியில் இருக்கும்போது ஒரு மனுவில் முடிகிற வேலை, பட்டம் வாங்கிய பிறகு பல்கலைக்கழகத்துக்கு நடையாய் நடக்க வைக்கும். உதவித்தொகை வாங்குபவர் என்றால் புதுப்பிக்க வேண்டிய தேதியையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அலுவலகம் பதினொரு மணிக்குள் போனால் கூட்டம் குறைவு.